ரப்பர் வளையம்

அந்த ஜன்னல் கண்ணாடியை இழுக்காதீர்கள் சார். வராது. கண்டக்டர் வந்து இழுத்தாலும் வராது. வேண்டுமானால் பாருங்கள், இப்போது வருவார், இரண்டு தட்டுத் தட்டுவார், ‘காத்து ஒடம்புக்கு நல்லதுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார். நான் சொல்லவில்லை? போய்விட்டார் பாருங்கள்.

இந்தக் கண்ணாடி ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று எனக்குத் தெரியும். டிப்போவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். கடைசி பதினோரு வருஷம் ஃபோர்மேன். கோத்தகிரியில் இன்றைக்கும் என் பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது, ஃபோர்மேன் என்றால் தெரியும். ஆனால் யார் கேட்கிறார்கள்? இழுக்கிறார்கள், தட்டுகிறார்கள், திட்டுகிறார்கள். ஒரு ஆள் வாயைத் திறந்து கேட்பதில்லை. மப்ளரைக் காதோடு சுற்றிக்கொள்ளுங்கள். கட்டபெட்டு தாண்டினால் இன்னும் குளிரும்.

ஊட்டிக்கா? நானும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டுக்கு. விசேஷம் ஒன்றுமில்லை. என்னுடைய பத்தாம் நம்பர் ஸ்பேனர் அவரிடம் இருக்கிறது. மூன்று மாதம் ஆயிற்று. அதை வாங்கத்தான் போகிறேன். சிரிக்காதீர்கள். நல்ல ஸ்பேனர்.

மாப்பிள்ளையைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எங்களுக்குக் காரமடைப் பக்கம். எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. மாப்பிள்ளை என்றால் வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க. அவர் முட்டாளாக இருந்தாலும் முட்டாளுங்க என்றுதான் சொல்ல வேண்டும். சிவநேசன் என்று பெயர். டீ ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க். நல்ல மனிதர், குடி இல்லை, சிகரெட் இல்லை. கைத்தொழிலும் இல்லை. ஸ்குரூ டிரைவரைப் பேனா மாதிரி பிடிப்பார்.

போன ஐப்பசி கடைசியில் ஒரு நாள் அவர் காரின் சீட்டையெல்லாம் கழற்றி வாசலில் போட்டார். என் வீடு மேலே, அவர்கள் வீடு கீழே. நடுவில் பன்னிரண்டு படி. என் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவர்கள் வாசல் உள்ளங்கை மாதிரி தெரியும். நான் தினமும் அங்கே உட்காருகிறவன், அதற்காகப் போய் உட்காரவில்லை. சீட்டு வெளியே வந்தது. மிதியடி வெளியே வந்தது. கதவின் உள்பக்க அட்டை நான்கும் வெளியே வந்தன. கார் தோலுரித்த ஆடு மாதிரி நின்றது. நடுவில் மாப்பிள்ளை, மடியில் செல்போன்.

போனில் ஒரு வெள்ளைக்காரன் வீடியோ. நான் பிறகு பார்த்தேன். அவன் ஊரில் காரின் மேல் இடுப்பளவு பனி. அவன் மண்வெட்டியால் காரைத் தோண்டி எடுக்கிறான். எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, காருக்குள் பஞ்சு ஒட்டுகிறான், வெள்ளித்தாள் ஒட்டுகிறான், ஹீட்டர் மாட்டுகிறான். அவனுக்கு அது வேண்டும் சார். நம் ஊர்ப் பனி என்ன? விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடக்கும். எட்டு மணிக்கு வெயில் பட்டால் ஓடிப்போகும். அதற்கு ஹீட்டராம்.

காரணம் இருந்தது என்பார்கள். என் பெண் வினோதினி ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மாப்பிள்ளை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து ஃபேக்டரிக்குப் போவார். காரில் கதவிடுக்கு எல்லாம் காற்று. கோயமுத்தூரில் யாரோ டாக்டர் ஓட்டிய பழைய வண்டி, கோயமுத்தூர்க்காரருக்கு ஹீட்டர் எதற்கு, அதனால் அதில் ஹீட்டரே கிடையாது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. குளிர் பட்டால் வரும். போன வருஷம் மார்கழியில் ஒரு நாள், வேலைக்குப் போனவளைப் பாதி வழியில் நெபுலைசர் வைக்கக் கொண்டுபோனார்கள். வாஸ்தவம். அதற்கு நான் கம்பளி வாங்கிக் கொடுத்தேன். நல்ல கம்பளி.

சரி, செய்யட்டும் என்று இருந்தேன். அவர் ஃபேக்டரியிலிருந்து டீத்தூள் சாக்குக் கொண்டுவந்தார். காகிதச் சாக்கு, உள்ளே வெள்ளித்தாள் வைத்தது. கிழிசல் சாக்குகள்தான், அனுமதி வாங்கித்தான் கொண்டுவந்தார். வினோதினி கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள், இவர் பசை தடவிக் கதவுக்குள் ஒட்டினார். கூரையில் ஒட்டினார். தரையில் ஒட்டி, அதன் மேல் பழைய ஜமுக்காளம் விரித்தார். இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஒட்டினார்கள். ஒரே சிரிப்பு. வெயில் அடித்தால் வாசல் முழுக்க டீ வாசனை. ‘மாப்பிள்ளை, கொஞ்சம் பால் ஊத்தி வச்சா அப்படியே குடிச்சிடலாம் போலிருக்கே’ என்று மேலேயிருந்து கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கிண்டல்கூடப் புரியாது.

பிறகு ஹீட்டர். விஷயம் பெரிசில்லை சார். இன்ஜின் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறதல்லவா, அந்தத் தண்ணீரை ஒரு ரப்பர் ஹோஸில் காருக்குள் கொண்டுவர வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் கையகல ரேடியேட்டர் ஒன்றை வைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டு, ஒரு சின்ன ஃபேனால் ஊதினால் சூடு வரும். தண்ணீர் இன்னொரு ஹோஸ் வழியாக இன்ஜினுக்கே திரும்பிவிடும். அவ்வளவுதான். என்னிடம் விட்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளைக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை.

என்னிடம் விடவில்லை. அதுதான் விஷயம். முப்பத்தொரு வருஷம் வண்டிக்கு அடியில் கிடந்தவன் பன்னிரண்டு படி மேலே உட்கார்ந்திருக்கிறேன். அவர் கடல் தாண்டி இருக்கிற வெள்ளைக்காரனைக் கேட்கிறார். மாமா, இதை எப்படிச் செய்வது என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. கேட்டாரா?

நானாகப் போய்க் கை வைக்கலாமே என்பீர்கள். வைக்க முடியாது. மாப்பிள்ளை செய்கிற வேலையில் மாமனார் கூப்பிடாமல் போய் நிற்கக் கூடாது. என் மாமனார் எங்கள் வீட்டில் ஒரு ஆணி அடித்ததில்லை. அது மரியாதை. கேட்டால் செய்யலாம். கேட்க வேண்டும்.

ஒரு நாள் மேலே வந்தார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ‘மாமா, இவன் ஹோஸை இந்த எடத்துல வெட்டறானுங்க. நம்ம வண்டிக்கு எங்க வெட்டறதுன்னு…’ என்றார். என்றுவிட்டு நிற்கிறார். வாக்கியத்தை முடிக்க வேண்டாமா? வெட்டறதுன்னு தெரியலை என்றால் சரி, சொல்லுங்க மாமா என்றால் சரி. வெட்டறதுன்னு என்று தொங்கவிட்டால் நான் என்ன செய்வது? ‘அவனையே கேளுங்க மாப்பிள்ளை. அவனுக்குத்தான தெரியும்’ என்றேன். சரிங்க மாமா என்று போய்விட்டார்.

இன்னொரு நாள் ஸ்பேனர் கேட்டு வந்தார். அப்போது கொடுத்ததுதான் அது. வாங்கிக்கொண்டவர் போகவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ‘உங்க காலத்துல பஸ்ஸுக்கு ஹீட்டர் மாட்டியிருக்கீங்களா மாமா?’ என்றார். ‘பஸ்ஸுக்கு ஹீட்டரா? டிரைவர் பீடி பத்த வைப்பார். அதான் ஹீட்டர்’ என்றேன். உள்ளே என் சம்சாரம் கனகம் சிரிக்கவில்லை. நல்ல ஜோக்தானே சார்? நீங்கள் சிரிக்கிறீர்கள். அவள் வெளியே வந்து, ‘ஏனுங்க, அவரு எதுக்கு வந்தாருன்னு தெரியலீங்களா?’ என்றாள். ஸ்பேனருக்கு வந்தார், வாங்கிக்கொண்டு போனார், வேறெதற்கு?

கடைசியில் மாட்டி முடித்தார். கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ஞாயிறு. காரை என் வாசலுக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து கம்பி கொடுத்து வைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார். பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு யாராவது குளிக்கப் போவார்களா? அவருடைய வேலை லட்சணம் அப்படி. நான் அந்தப் பக்கம் தற்செயலாக இறங்கினேன். பார்த்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மோசமில்லை. ஹோஸ் சரியான ஹோஸ். கிளிப் சரியான கிளிப், இறுக்கமும் சரி. வெட்டிய இடமும் சரிதான், எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பாருங்கள், இன்ஜினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் இருக்கிறது. அதில் ஓட்டை போட்டுத்தான் ஹோஸை உள்ளே கொண்டுபோக வேண்டும். போட்டிருந்தார். வட்டமாக, நறுவிசாக. ஓட்டையில் ஹோஸ் மட்டும்தான் இருந்தது. தகரத்தின் விளிம்பு அப்படியே ரப்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு வளையம் வைக்க வேண்டும் சார். ரப்பர் வளையம். டிப்போவில் குரோமெட் என்போம். இதோ, இதுதான். பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறதல்லவா, அதில் தகரம் உட்கார்ந்துகொள்ளும். இது இல்லாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்கத் தகரம் ஹோஸை அறுக்கும். ஒரு நாளில் அறுக்காது. தினமும் ஒரு மயிரிழை. இந்த ரோட்டில், இந்த வளைவில், இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டேன்.

படியேறி வந்தேன். என் டப்பாவில் இந்த அளவு ஒன்று இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுபடி இறங்கினேன். மூன்று படி இறங்கியிருப்பேன், மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். ‘எப்படியிருக்குதுங்க மாமா?’ என்றார்.

எப்படியிருக்குது என்றால் அது கேள்வியா சார்? புதுச் சட்டை போட்டுக்கொண்டு எப்படியிருக்கு என்று கேட்கிறார்களே, அந்த மாதிரி. சர்ட்டிபிகேட் வேண்டுமாம். ஏதாவது குறை இருக்கிறதா மாமா என்று கேட்டிருந்தால் குறையைச் சொல்லியிருப்பேன். எப்படியிருக்கு என்றார். ‘பளபளன்னு இருக்குது மாப்பிள்ளை’ என்றேன். மூன்று படியும் திரும்பி ஏறிவிட்டேன். வளையம் சட்டைப் பையிலேயே இருந்தது. கனகம் துவைக்கப் போடும்போது எடுத்து, ‘இது என்னங்க?’ என்றாள். ஒன்றுமில்லை, டப்பாவில் போடு என்றேன்.

ஹீட்டர் வேலை செய்தது. ஏன் செய்யாது? மார்கழி முழுக்க அவளுக்கு இழுப்பு வரவில்லை. காலையில் ஸ்வெட்டர்கூட இல்லாமல் கிளம்பினாள். ‘அப்பா, ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க, அடுப்பங்கரை மாதிரி இருக்குது’ என்றாள். அவள் கூப்பிட்டாள். காரை வைத்திருக்கிறவர் கூப்பிட வேண்டாமா? அவர் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் போகவில்லை. போகவில்லையே தவிர, தினமும் ஐந்தரைக்கு எழுந்து வாசலில் நின்று கார் போவதைப் பார்ப்பேன். எனக்குத் தூக்கம் வராது, வயதாகிவிட்டது. வண்டி கீழ் வளைவு திரும்புகிற வரைக்கும் நிற்பேன். அப்புறம் மாப்பிள்ளை திரும்பி வருகிற சத்தம் கேட்டால்தான் டீ குடிப்பேன். அதெல்லாம் ஒரு பழக்கம்.

தை பதிமூன்றாம் தேதி. அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை.

அதோ, அந்த மண்மேடு தெரிகிறதா, செடி சாய்ந்திருக்கிறதே, அங்கேதான். வளைவில் ஹோஸ் அறுந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து அவள் காலில். ஆவி முழுக்கக் கண்ணாடியில் படிந்து வெள்ளையாகிவிட்டது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. அவர் பள்ளத்துப் பக்கம் திருப்பாமல் மேட்டுப் பக்கம் திருப்பி மோதி நிறுத்தினார். அது சரியாகச் செய்தார். நர்ஸ்கள் போடுகிற துணி ஷூ, உள்ளே காலுறை. தண்ணீரைக் குடித்து அப்படியே பிடித்துக்கொண்டது. கழற்றும்போது தோலும் வந்ததாம். இடது கால். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள்.

நானும் கனகமும் போனோம். இதே பஸ்தான். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை ஓரமாக நிற்கிறார், நெற்றியில் பிளாஸ்திரி. எனக்கு வந்த ஆத்திரத்தில், ‘தகரத்துல ஓட்டை போட்டா ரப்பர் வைக்கணும். வைக்காம விட்டா இப்படித்தான் ஆகும்’ என்றேன். தப்பா சார்? உண்மையைத்தானே சொன்னேன்?

வினோதினி என்னையே பார்த்தாள். ‘எப்பப்பா பாத்தீங்க?’ என்றாள்.

‘மாட்டின அன்னிக்கே பாத்துட்டேன்.’

கனகம் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். ஏன் இழுக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

‘சொல்லலியே அப்பா.’

‘அவரு கேக்கலியே’ என்றேன்.

அவள் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள். பிறகு, ‘அவரு கேக்கலையா, உங்களுக்குக் கேக்கலையா?’ என்றாள். என்ன பேச்சு இது? எனக்குக் காது நன்றாகக் கேட்கும் சார். இந்த பஸ்ஸில் இடது பின்சக்கர பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அதுகூட எனக்குக் கேட்கிறது. மாப்பிள்ளை, ‘விடு வினோ’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டால் பதில் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதோடு சரி. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு ஊட்டிக்கே போய்விட்டார்கள். காரணம் கால்தான், வேறில்லை. கீழ் வீடு பூட்டிக் கிடக்கிறது. போன் செய்தால் வினோதினி கனகத்திடம் பேசுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். ‘அப்பாகிட்ட குடுக்கட்டுமா?’ என்பாள் கனகம். அடுத்த நிமிஷம் என்னிடம், வைத்துவிட்டாள் என்பாள். ஒரு மாதம் ஆகிறது.

நேற்று கனகம் இந்த வளையத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். ‘கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க’ என்றாள். எதைக் கொடுக்க? யார் கேட்டார்கள்? ஸ்பேனரை வாங்கப் போகிறேன் என்றேன். ‘என்னத்தையோ வாங்கிட்டு வாங்க, போனாச் சரி’ என்றாள். நான் வருகிறேன் என்று அவள்தான் அவர்களுக்குப் போன் செய்து சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியும்.

கோடப்பமந்து வந்துவிட்டது. மப்ளரை அவிழ்க்காதீர்கள். உங்கள் உதடு நீலமாகிவிட்டது சார். ஒன்றேகால் மணி நேரம் முகத்தில் காற்று என்றால் என்ன ஆகும்?

பஸ் ஸ்டாண்டு. எல்லோருக்கும் என்ன அவசரம் பாருங்கள், பஸ் நிற்பதற்குள் வாசலில்.

அதோ. அந்தச் சுவர் ஓரம் நிற்கிற வெள்ளைக் கார். அதுதான். முன்பக்கம் நசுங்கியதைத் தட்டி எடுத்திருக்கிறார், பெயின்ட் சேரவில்லை. இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஏன்? கண்ணாடியைப் பாருங்கள், உள்ளே ஆவி படிந்திருக்கிறதே. சூடு. மறுபடியும் ஹீட்டரை மாட்டிவிட்டார்! யாரைக் கேட்டு மாட்டினார்? ஓட்டையில் என்ன வைத்தார்? இந்த அளவு வளையம் ஊட்டிக் கடையில் கிடைக்காது. எனக்குத் தெரியும், இந்த அளவு கிடைக்காது.

முன் சீட்டில் இருப்பது வினோதினி. உள்ளேயிருந்து கையால் கண்ணாடியைத் துடைக்கிறாள். வட்டமாகத் துடைத்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். காலை எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா? அந்த ஹோஸ் நேர் கீழே வரும்.

மாப்பிள்ளை இறங்கிவிட்டார். பின் கதவைத் திறந்து வைக்கிறார். பழையபடி. திறந்து வைத்துவிட்டு நிற்கிறார். கையில் என்ன? ஸ்பேனர். நம்முடையதுதான். பாருங்கள் சார், கதவைத் திறக்கிறார், ஸ்பேனரைக் காட்டுகிறார். மாமா, வாங்க, ஏறுங்க என்று ஒரு வார்த்தை வருகிறதா பாருங்கள்.

நான் இறங்கவில்லையா என்கிறீர்களா? இறங்கலாம். என்ன அவசரம். கேட்கட்டும்.

என்ன கேட்டீர்கள்? இந்தக் கண்ணாடியில் என்ன கோளாறா? இப்போதாவது கேட்டீர்களே. கோத்தகிரியிலேயே கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். கோளாறு ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளுங்கள். எல்லோரும் கீழே இழுக்கிறார்கள், இழுத்தால் மாட்டிக்கொள்ளும். முதலில் மேலே ஒரு அங்குலம் தூக்க வேண்டும். இப்படி. இந்த மூலையில் கட்டை விரலால் ஒரு அழுத்து. பிறகு விட்டுவிட வேண்டும். தானாக விழும்.

பார்த்தீர்களா? ஒரு துளி காற்று வராது இனிமேல்.

மாப்பிள்ளை கிட்டே வந்துவிட்டார். ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கிறார். வாய் அசைகிறது. பாருங்கள், அசைகிறது. என்ன சொல்கிறார்? உங்களுக்குக் கேட்கிறதா சார்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.